மண்மேடும் மணிக்கூண்டும்

"கோயில் வாசலை மிதிக்காத நீ, கடல் கடந்து போய் மாதா கோயிலுக்குள் நுழைந்தாயாமே! வெள்ளைக்காரன் கட்டினால் கடவுளும் பகுத்தறிவுக்கு ஒத்துவந்துவிடுகிறாரோ?" என்று கேட்டு நண்பர் ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். கேள்வியில் கேலி இருக்கிறது. கேலிக்குள்ளே நியாயமும் இருக்கிறது. ஆகவே பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

அதே வாரத்தில் இன்னொரு நண்பரும் எழுதினார். அவர் வேறு விதம். "அந்த நாட்டார் பழமையை எவ்வளவு பாங்காகப் போற்றுகிறார்கள்! அழகைக் கண்டோமா, களித்தோமா என்றில்லாமல் அங்கேயும் போய்க் கணக்குக் கேட்க வேண்டுமா?" என்கிறார்.

ஒருவர் போகாதே என்கிறார். மற்றவர் போனால் கேட்காதே என்கிறார். இருவருக்கும் ஒரே பதிலைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது: போனேன், கேட்டேன், கேட்பதற்காகவே போனேன்.

கோடை விடுமுறையில், இங்கிலாந்தில் செவிலியாகப் பணிபுரியும் என் தமக்கை வீட்டுக்குச் சென்றிருந்தேன். அங்கிருந்து காரில் சிறிது நேரப் பயணம். நார்தாம்ப்டன்ஷயர் வட்டாரம், நீன் ஆறு வளைந்து ஓடும் பசும்புல் வெளி, அதன் நடுவே ஃபாதரிங்கே என்ற சிறு கிராமம். ஒரு தெரு, சில வீடுகள். ஆனால் அந்தச் சிற்றூருக்குச் சற்றும் பொருந்தாத பெரியதொரு தேவாலயம் ஆற்றங்கரையில் எழுந்து நிற்கிறது. உயர்ந்த சாளரங்கள், சுவரைத் தாங்கும் கல் வளைவுகள், எண்கோணக் கோபுரம். அதன் உச்சியில் பொன்முலாம் பூசிய வல்லூறு. அந்த வல்லூற்றைச் சுற்றி ஒரு விலங்குப் பூட்டு. யார்க் குலத்தாரின் சின்னமாம் அது.

தேவாலயத்திலிருந்து சில நிமிடம் நடந்தால் கோட்டை. கோட்டை என்றா சொன்னேன்? கோட்டை இருந்த இடம். புல் மூடிய ஒரு மண்மேடு, தூர்ந்துபோன அகழி, ஆற்றோரம் வேலிக்குள் காவலில் வைத்தாற்போல் ஒரு கற்பாளம். அவ்வளவுதான். அரசர் பிறந்த மாளிகையும் அரசி இறந்த மண்டபமும் ஆடு மேயும் நிலமாகிவிட்டன.

"பார்த்தாயா! மன்னர் ஆணவம் மண்ணோடு மண்ணாயிற்று" என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடலாம். கைதட்டல் கிடைக்கும். ஆனால் தோழர்களே, அந்தக் கைதட்டலுக்கு நான் அஞ்சுகிறேன். கல் சரிந்ததைக் கண்டு களிப்பவன், கல்லோடு கட்டப்பட்ட கதை சரியாமல் நிற்பதைக் காணத் தவறிவிடுகிறான்.

கதை என்ன?

12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த கோட்டை அது. 1377-இல் மூன்றாம் எட்வர்ட் மன்னனின் மகன் எட்மண்டுக்குக் கிடைத்தது. அவன் வழிவந்தோரே யார்க் கோமக்கள். கோட்டை கிடைத்தவர்களுக்கு ஒரு கவலை பிறந்தது. இம்மையில் குறைவில்லை, மறுமையில் என்ன ஆகும்? செத்தவர் ஆன்மா 'உத்தரிக்கிற ஸ்தலம்' என்னும் இடத்தில் வெந்துகொண்டிருக்கும், பூமியிலே பூசை நடந்தால் வேதனை குறையும் என்பது அக்காலத் திருச்சபையின் போதனை. ஏழைக்கு ஒரு பூசை கிடைப்பதே அரிது. கோமகனுக்கு? 1411-இல் ஒரு நிறுவனமே எழுந்தது. தலைவர் ஒருவர், குருமார் 12 பேர், எழுத்தர் 8 பேர், பாடும் சிறுவர் 13 பேர். இவர்களுடைய முதற்கடமை, அரச குடும்பத்தாரின் ஆன்மாவுக்காக நாள் தவறாமல் வேண்டுதல் செய்வது. ஆண்டுக்கு ஒரு திவசம் அல்ல, தோழரே, அன்றாடத் திவசம்! அதற்கான செலவு நிலங்களின் வருமானத்திலிருந்து. நிலத்தின் வருமானம் யாருடைய முதுகிலிருந்து வந்தது என்பதை நான் சொல்லவும் வேண்டுமா?

நிறுவியவனான இரண்டாம் கோமகன் எட்வர்ட் 1415-இல் அஜின்கோர்ட் போர்க்களத்தில் மாண்டான். தான் எழுப்பிய ஆலயத்திலேயே புதைக்கப்பட்டான். அடுத்து வந்தவன் ரிச்சர்ட் கோமகன். ஆலயத்தின் கிழக்குப் பகுதி, அதாவது குருமார் நின்று பாடும் பகுதி, எழுந்துவிட்டது. ஊர் மக்கள் நின்று தொழும் மேற்குப் பகுதி எழ வேண்டும். 1434 செப்டம்பரில் ஓர் ஒப்பந்தம் எழுதப்பட்டது.

இந்த ஒப்பந்தத்தைப் பற்றித்தான் நான் பேச வந்தேன். அதன் வாசகம் இன்றுவரை நின்று நிலைத்திருக்கிறது.

ஒரு பக்கம் கோமகனின் அலுவலர்கள். மறுபக்கம் அதே ஊரில் வாழ்ந்த வில்லியம் ஹார்வுட் என்னும் கல்தச்சன். என்ன கட்ட வேண்டும் என்பதை அணு அணுவாக எழுதியிருக்கிறார்கள். கிழக்குப் பகுதிக்கு ஒத்ததாக மேற்குப் பகுதி அமைய வேண்டும்; சதுரமாய் எழும் கோபுரம் ஆலய உடலின் உயரத்தைத் தொட்டதும் எண்கோணமாய்த் திரும்ப வேண்டும். கல்லும் சுண்ணாம்பும் மணலும் மரமும் கயிறும் கோமகன் தருவார். வேலைக்கான தொகை 300 பவுன். வேலைக்கு எத்தனை ஆளை வைப்பது என்பதைக்கூட அவன் தன் விருப்பப்படி கூட்டவோ குறைக்கவோ கூடாது; கோமகனின் கண்காணிப்பாளர்தாம் சொல்வார்கள்.

இத்தனைக்கும் மேலாக ஒரு நிபந்தனை. குறித்த காலத்துக்குள் வேலையை முடிக்காவிட்டால், ஹார்வுட் தன் உடலைச் சிறைக்கு ஒப்படைக்க வேண்டும். எத்தனை நாள் என்பது கோமகன் விருப்பம். அவனுடைய தட்டுமுட்டுப் பொருளும் பரம்பரைச் சொத்தும் கோமகன் வசம்.

மீண்டும் படியுங்கள். கட்டுவது கடவுளின் வீடு. கட்டுபவனுக்குக் காத்திருப்பது கோமகனின் சிறை! அன்பே உருவானவர் என்று சொல்லப்படும் ஆண்டவருக்கு ஆலயம். அதன் அடித்தளத்தில், கல்லுக்கும் முன்னதாகப் போடப்பட்டது ஓர் அச்சுறுத்தல்.

300 பவுன் என்றால் கொஞ்சமா என்று என் இரண்டாவது நண்பர் கேட்பார். கணக்குப் போடுவோம், ஆசிரியனுக்கு அது பழக்கம். அக்காலத்தில் ஒரு பவுனுக்கு 240 பென்னி. ஆக, 72,000 பென்னி. கைத்திறன் மிக்க கல்தச்சனுக்கு அன்று நாள் கூலி 6 பென்னி அளவில் இருந்தது. அப்படியானால் 12,000 நாள் கூலி. ஞாயிறையும் திருநாளையும் கழித்துவிட்டால் ஒரு மனிதன் உழைக்கக்கூடிய வாழ்நாள் முழுவதும் அதில் அடங்கிவிடும். அதுவும் ஹார்வுட் ஒருவனுக்கு அல்ல. கல் செதுக்குபவன், சுவர் வைப்பவன், உதவியாள் ஆகிய எல்லோருக்குமான கூலி அந்தத் தொகைக்குள். நூறாண்டு, ஐந்நூறாண்டு நிற்க வேண்டிய கட்டடத்தின் உழைப்புக்கு, ஒரே ஒரு தொழிலாளியின் ஆயுட்கூலி!

ஒப்பந்தம் எழுதப்பட்டபோது ரிச்சர்ட் கோமகனுக்கு வயது 23. ஏறக்குறைய என் வயது. அந்த வயதில், தன்னைவிடத் தொழில் அறிந்த ஒருவனுடைய உடலைத் தன் விருப்பப்படி சிறையில் வைக்கும் உரிமை அவனுக்கு எங்கிருந்து வந்தது? வாள் தந்தது என்பீர்கள். வாள் மட்டும் தந்திருந்தால், ஹார்வுட் என்றாவது ஒரு நாள் நிமிர்ந்து கேட்டிருப்பான். கேட்க விடாமல் செய்தது எது? அந்த 12 குருமாரின் பாட்டு. கோட்டை உடலை ஆண்டது. ஆலயம் உள்ளத்தை ஆண்டது. ஆற்றங்கரையில் இரண்டும் அடுத்தடுத்து நின்றது தற்செயலா, தோழர்களே? அண்ணனும் தம்பியும் அடுத்தடுத்த வீட்டில் குடியிருப்பது போலத்தான் அது!

கோமகன் 1460-இல் போரில் கொல்லப்பட்டான். அவன் மகன் நான்காம் எட்வர்ட் மன்னனானபின், 1476 ஜூலையில் தந்தையின் எலும்புகளைத் தோண்டி எடுத்து, ஊர்வலமாகக் கொண்டுவந்து, இந்த ஆலயத்தில் மீண்டும் புதைத்தான். அந்நாள் விவரத்தை அக்காலத்தவரே எழுதிவைத்திருக்கிறார்கள். பிச்சை பெற வந்தவர் மட்டும் 5,000 பேராம். ஆளுக்கு ஒரு பென்னி. நாட்டின் நடுவில், வயல் விளையும் ஜூலையில், ஒரு பென்னிக்காக 5,000 பேர் நடந்து வந்தார்கள் என்றால், அந்த நாட்டில் யார் எப்படி வாழ்ந்தார்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? விழாவின் சிறப்புக்குச் சான்றாக அவர்கள் எழுதிவைத்த எண்ணிக்கை, வறுமைக்குச் சான்றாக நம் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

பிறகு வந்தது சமயச் சீர்திருத்தம். 1547-இல் சட்டம் இயற்றினார்கள்: செத்தவருக்காகப் பூசை செய்வது மூடநம்பிக்கை; அதற்கென அமைந்த நிறுவனங்களைக் கலைத்து, சொத்தை அரசு எடுத்துக்கொள்ளும். நம் தோழர்கள் சிலர் துள்ளிக் குதிப்பார்கள். மூடநம்பிக்கை ஒழிந்ததே என்று! பொறுங்கள். சொத்து எங்கே போயிற்று? பசித்த உழவனுக்கா? பள்ளிப் பிள்ளைக்கா? நார்தம்பர்லாந்துக் கோமகன் ஜான் டட்லிக்குப் போயிற்று. பூசாரியின் பையிலிருந்து பிரபுவின் பைக்கு மாறியது. மூடநம்பிக்கையைச் சட்டம் ஒழித்தது, சுரண்டலைத் தொடவில்லை. குருமார் பாடிய கிழக்குப் பகுதி இடிக்கப்பட்டது. கோமக்களின் கல்லறைகள் கூரையிழந்து வெட்டவெளியில் கிடந்தன. பின்னர் முதலாம் எலிசபெத் அரசி அவர்களுக்கு ஆலயத்துக்குள்ளே புதிய நினைவுச்சின்னம் எழுப்பச் செய்தார். 1573 என்று அதில் பொறித்திருக்கிறது.

இன்று ஆலயத்துக்குள் போய் நின்றால், கிழக்கே ஒரு வெறுஞ்சுவர் தெரிகிறது. அதற்கு அப்பால் இருந்தது இடிந்தது. இப்பால் இருப்பது நின்றது. இடிந்தது எது? செத்த கோமகனுக்காகப் பாடிய பகுதி. நின்றது எது? ஊர் மக்களுக்கென்று இருந்த பகுதி. ஹார்வுட் கட்டிய பகுதி. தெய்வச் செயல் என்பதா இதை? இல்லை. ஊராருக்கு அது தேவைப்பட்டது, ஆகவே காத்தார்கள். மக்களுக்குத் தேவைப்படுவது நிற்கும். இதைவிட எளிய உண்மை ஏது?

கோட்டைக்கு வருவோம். 1587 பிப்ரவரி 8. ஸ்காட்லாந்து அரசியாயிருந்த மேரிக்கு வயது 44. இங்கிலாந்தில் 18 ஆண்டுக்கு மேல் காவலில் இருந்தவர். கோட்டையின் பெருமண்டபத்தில் வெட்டுமேடை. மேரி கத்தோலிக்கர். மேடையில் தன் சமயக் குருவை அருகில் வைத்துக்கொள்ள அவருக்கு அனுமதி இல்லை. பீட்டர்பரோ ஆலயத்தின் தலைமைக் குரு முன்வந்து தம் சபையின் முறைப்படி உரக்க வேண்டுதல் செய்கிறார். சாகப் போகிறவர் அதை மறுத்து, இலத்தீனில் தம் வேண்டுதலை உரக்கச் சொல்கிறார். இருவரும் வேண்டியது ஒரே ஏசுவை! ஒரே ஆண்டவரின் பெயரால், சாகும் பெண்ணின் குரலுக்கு மேல் குரல் எழுப்பி ஒரு குரு போட்டியிட்ட காட்சி அது. கோடரியும் ஒரே வெட்டில் வேலையை முடிக்கவில்லை.

ஆணையில் கையெழுத்திட்டவர் எலிசபெத் அரசி. காரியம் முடிந்ததும் அவர் சினந்தது யார்மேல்? ஆணையை அனுப்பிவைத்த செயலாளர் வில்லியம் டேவிசன்மேல். டேவிசன் சிறைக்குப் போனார். அரசர் பிழைக்கு அலுவலர் சிறை. அரசர் ஆலயத்துக்குத் தச்சன் சிறை. காலம் மாறிற்று, சிறைக்குப் போகும் உடல் மட்டும் மாறவில்லை.

மேரியின் மகன் ஜேம்ஸ் இங்கிலாந்து மன்னனானதும், தாயைக் கொன்ற கோட்டையைத் தரைமட்டமாக்கினான் என்று ஒரு கதை உண்டு. கேட்கக் கண்ணீர் வரும் கதை. ஆனால் உண்மை அதன் பக்கம் இல்லை. ஜேம்ஸ் இறந்த 1625-ஆம் ஆண்டில் எடுத்த கணக்கிலும் கோட்டை நின்றுகொண்டுதான் இருக்கிறது. அதற்குப் பிறகுதான் கவனிப்பாரின்றிக் கல் கல்லாகப் பெயர்த்துக் கொண்டுபோகப்பட்டது. மகனின் மாளாத சினம் அன்று, கல்லின் விலை! மேட்டில் முளைக்கும் முட்செடிக்கு 'மேரி அரசியின் கண்ணீர்' என்று பெயராம். அவர் நட்டது என்பாரும் உண்டு. அந்நாட்டில் எந்தத் தரிசிலும் முளைக்கக் கூடிய செடி அது. முள்ளில்கூட அரசியின் கண்ணீரைக் காண்கிறார்கள். அந்த மேட்டுக்கு மண் சுமந்தவனின் வியர்வையை எந்தச் செடியிலும் எவரும் காணவில்லை.

இதையெல்லாம் பழங்கதை என்று தள்ளிவிட முடியுமா? 1452-இல் இதே கோட்டையில் பிறந்தவன் மூன்றாம் ரிச்சர்ட். 2012-இல், லெஸ்டர் நகரில் கார் நிறுத்துமிடம் ஒன்றின் அடியில் அவன் எலும்புக்கூடு கிடைத்தது. மரபணு ஆய்வால் அவன்தான் என்று உறுதிசெய்தார்கள். அறிவியலின் வெற்றி அது, மகிழ்வோம். அடுத்து என்ன நடந்தது? 2015 மார்ச்சில் பேராலயத்தில் சிறப்பான மறு அடக்கம். வீதியெங்கும் மக்கள் திரள். 1476-இல் தந்தையின் எலும்புக்கு ஊர்வலம். 2015-இல் மகனின் எலும்புக்கு ஊர்வலம். இடையில் 539 ஆண்டு! நுண்ணோக்கி வந்தது, மரபணு வந்தது. எலும்பில் அரச எலும்பு, ஆள் எலும்பு என்று பிரித்துப் பார்க்கும் பார்வை மட்டும் போகவில்லை. கோட்டை சரிந்தது என்று எக்களிப்பவர்களே, அது சரிந்தது ஆற்றங்கரையில்தான். மனத்தில் இன்னும் சரியவில்லை.

இப்போது முதல் நண்பருக்குச் சொல்கிறேன். ஆலயத்துக்குள் போகாமல் இருந்திருந்தால் இந்த ஒப்பந்தம் எனக்குத் தெரிந்திருக்காது. உள்ளே பார்வையாளர்களுக்கு வழிகாட்டும் முதியவர் ஒருவர் இருந்தார். ஊர்க்காரர், ஊதியம் வாங்காதவர். "இதைக் கட்டியது யார்?" என்று கேட்டேன். கோமகன் பெயரைச் சொல்வார் என்று காத்திருந்தேன். மறுத்துப் பேசச் சொற்களையும் கூர் தீட்டி வைத்திருந்தேன். அவர் சற்றும் தயங்காமல், "வில்லியம் ஹார்வுட்" என்றார். சிறை நிபந்தனையையும் அவரே சொன்னார். சொல்லிவிட்டுத் தூண் ஒன்றைக் கையால் தடவிக் காட்டினார்.

நான் தலைகுனிந்தேன். அவர் பக்தர், நான் பகுத்தறிவாளன். அவருக்குத் தச்சன் பெயர் தெரிந்திருந்தது. எனக்கு?

இரண்டாண்டுக்கு முன், என் வகுப்பில் பெரிய கோயில் ஒன்றின் படத்தைக் காட்டி, "இதைக் கட்டியவர் யார்?" என்று தேர்வில் கேட்டிருந்தேன். ஒரு பையன் "கொத்தனார்" என்று எழுதியிருந்தான். சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டேன். விடைத்தாளை வகுப்பில் படித்துக் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவன் தந்தை கொத்தனார் என்பது பிறகுதான் தெரியும். அவன் குறும்புக்காக எழுதவில்லை. தெரிந்ததை எழுதினான், சரியாக எழுதினான். மேடையிலே மன்னர் ஆட்சியைச் சாடும் நான், வகுப்பறையிலே மன்னனுக்கு மதிப்பெண் போட்டு, தொழிலாளிக்குச் சுழியம் போட்டிருக்கிறேன். எந்தக் குருவும் என்னைப் பாடச் சொல்லவில்லை. நானாகவே பாடியிருக்கிறேன், அந்த 12 பேரோடு பதின்மூன்றாமவனாக!

ஆகவே இரண்டாவது நண்பருக்கும் சொல்கிறேன். அழகு அழகுதான். அந்த எண்கோணக் கோபுரம் மாலை வெயிலில் நிற்பதைக் கண்டு நானும் நெடுநேரம் நின்றேன். ஆனால் அந்த அழகு யாருடையது என்று கேட்பது அழகைக் கெடுப்பதாகாது. அழகை அதன் உரியவனிடம் ஒப்படைப்பதாகும். கேட்காமல் களிப்பவன், திருட்டுப் பொருளை விலை பேசாமல் வாங்கியவனுக்கு ஒப்பானவன்.

இளைஞர்களே! கோயிலோ, மசூதியோ, மாதா கோயிலோ, இடிந்த கோட்டையோ, எதன் வாசலிலும் அஞ்சி நிற்காதீர்கள். கும்பிடப் போகாதீர்கள், இடிக்கவும் போகாதீர்கள், படிக்கப் போங்கள். மூன்று கேள்வியை மட்டும் கையில் கொண்டு போங்கள். கட்டியவன் யார்? கூலி எவ்வளவு? தவறினால் அவனுக்கு என்ன தண்டனை? இந்த மூன்றுக்கும் விடை சொல்ல முடியாத வரலாற்றை வரலாறு என்று ஒப்பாதீர்கள். மேடையில் பேசுவதோடு நில்லாமல், உங்கள் வீட்டுப் பிள்ளையின் பாடப் புத்தகத்தையும் புரட்டிப் பாருங்கள். அங்கே தச்சனுக்கு இடமிருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையேல் ஏன் இல்லை என்று ஆசிரியரைக் கேளுங்கள். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அந்தப் பையன் இப்போது ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறான். பள்ளி திறந்ததும் அவனை வகுப்பில் எழுப்பி, எல்லோருக்கும் முன்னால், ஹார்வுட்டின் கதையைச் சொல்லப் போகிறேன். அவனுக்குச் சேர வேண்டிய ஒரு மதிப்பெண் என்னிடம் இரண்டாண்டாகக் கடனாக இருக்கிறது.